அழைப்பை எடுப்பவன் வாயே திறப்பதில்லை

மோடம் காலத்தில் யூனிக்ஸிலிருந்து வெளியே டயல் செய்ய வழி கேட்டால், ஆளாளுக்குச் சொல்வார்கள். வெளியிலிருந்து வருகிற அழைப்பை எடுத்து, அழைத்தவரை நெட்வொர்க்குக்குள் விட என்ன வழி என்று கேட்டால்தான் சங்கடம். கையேட்டைப் புரட்டினால் கூப்பிடுகிறவனுக்குப் பக்கம் பக்கமாக இருக்கும். எடுக்கிறவனுக்குக் கடைசியில் ஒரு சின்னப் பகுதி. 1990களின் கடைசியில் இந்த வேலையைத் தலையில் சுமந்தவன் நான். அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

எங்கள் சென்னை அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் சர்வர், அதன் சீரியல் போர்ட்டில் ஒரு மோடம். வெளியூர்க் கிளைகள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், எஸ்.டி.டி. என்கிற வெளியூர் அழைப்புக் கட்டணம் குறைந்த பிறகு, அதைக் கூப்பிட்டு அன்றைய கணக்கை ஏற்ற வேண்டும். கேட்டால் சின்ன வேலைதான். ஆனால் அந்த ஒரு அழைப்பு எத்தனை பேர் கைமாறுகிறது பாருங்கள். இனிட் என்கிற தாய் நிரல், எம்கெட்டி என்ற நிரலைக் கிளப்பி மோடம் முன்னால் காவல் வைக்கும். மணி அடித்ததும் எம்கெட்டி போனை எடுக்கும். பேசுவது மனிதனா, பிபிபி என்ற நெறிமுறையில் பேசும் கணினியா என்று பார்த்து, கணினி என்றால் பிபிபிடி என்ற இன்னொரு நிரலிடம் ஒப்படைக்கும். பிபிபிடி கடவுச்சொல்லைச் சரிபார்த்து ஐ.பி. முகவரி கொடுக்கும். அதன் பிறகு பாக்கெட்டை உள்ளே கடத்துவது கெர்னலின் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு. ஒன்று என்ன செய்கிறது என்று இன்னொன்றுக்குத் தெரியாது. எங்கே அறுந்தாலும், உண்மைக் காரணம் மட்டும் அழைத்தவருக்குத் தெரியாது.

பிபிபி பேசும் கணினியை அடையாளம் காண, எம்கெட்டியின் லாகின் கோப்பில் ‘ஆட்டோ பிபிபி’ என்று ஒரு வரி மாதிரிக்காக இருக்கும். முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாது. அந்த வசதியை எம்கெட்டியைக் கம்பைல் செய்யும்போதே சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்த வரி கோப்பில் சும்மா கிடக்கும், ‘எனக்கு இது புரியாது’ என்று எம்கெட்டி ஒரு வார்த்தை சொல்லாது. வழக்கம்போல் பயனர் பெயர் கேட்கும். எதிர்முனையில் விண்டோஸ் அனுப்புகிற பிபிபி பாக்கெட்டையே பெயர் என்று எடுத்துக்கொள்ளும். லாகைத் திறந்தால் ~ என்றும் }# என்றும் கிறுக்கலாக ஒரு பெயர், அப்படி ஒரு பயனர் இல்லை என்ற குறிப்பு. அந்தக் கிறுக்கல்தான் பிபிபியின் முதல் பாக்கெட் என்பது ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் புரியும். தெரியாதவன் மோடத்தைச் சந்தேகப்படுவான், கேபிளை மாற்றுவான், தொலைபேசிக்காரரைக் கூப்பிட்டு லைனில் இரைச்சல் என்று புகார் கொடுப்பான்.

அதைத் தாண்டினால் பிபிபிடியின் கடவுச்சொல் கோப்பு. ஒரு வரியில் பயனர், சர்வர், ரகசியச் சொல் என்று மூன்று பத்தி நிரப்பினால் முடிந்தது என்று நினைப்போம். நான்காவதாக, அந்தப் பயனர் எந்த முகவரியை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் எந்த முகவரியும் கூடாது என்று அர்த்தமாம்! கடவுச்சொல் சரி என்று ஏற்றுக்கொண்ட அதே பிபிபிடி, அடுத்த நொடி ஆளை வெளியே தள்ளும். காரணத்தைச் சர்வரின் லாகில் எழுதிவைக்கும். மதுரைக் கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் திரையில் விண்டோஸ், பொருத்தமான நெட்வொர்க் நெறிமுறை அமையவில்லை, உங்கள் கண்ட்ரோல் பேனலில் அமைப்பைச் சரிபாருங்கள் என்று சொல்லும். தப்பு சென்னையில், சரிபார்க்கச் சொல்வது மதுரையில்!

“சார், எடுக்குது, கீச்சுனு கத்துது, அப்புறம் கட் ஆயிடுது. நான் ஏதாச்சும் மாத்திட்டேனா சார்?” என்று மறுநாள் காலையில் கேட்பார் அந்தக் கிளை குமாஸ்தா. அவர் எதையும் மாற்றவில்லை. ஆனால் எங்கள் மோடம் எடுத்த ஒவ்வொரு அழைப்புக்கும் மீட்டர் ஓடியிருக்கிறது. வீட்டுக்குப் போகாமல் நடுராத்திரி வரை உட்கார்ந்து, பில்லுக்கும் அவர்தான் மேலாளரிடம் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தாங்காதது இதுதான்.

இணைப்பு கிடைத்த பிறகும், பெட்டியில் 56 கிலோபிட் என்று போட்ட மோடத்தை வாங்கிவிட்டு, ஏன் 33.6-க்கு மேல் ஏறவில்லை என்று கேட்டவர்கள் தனி. வி.90 மோடத்தின் அந்த வேகம், எதிர்முனை டிஜிட்டல் லைனில் இருந்தால்தான் கிடைக்கும். பெட்டியில் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கக் கூடாதா?

எல்லாம் சரியாகி ஓடுகிற காலத்தில் ஒரு நாள் கரண்ட் போகும். சர்வர் மறுபடி எழுந்திருக்கும், மோடம் எடுக்கும், கடவுச்சொல் சரி, முகவரி சரி, இணைப்பும் நிற்கும். ஆனால் சர்வரைத் தாண்டி ஒரு பாக்கெட்டும் போகாது. பாக்கெட்டைக் கடத்தச் சொல்லிக் கெர்னலுக்கு நாம் கொடுத்த 1, பூட் ஆனதும் திரும்ப 0 ஆகியிருக்கும். அந்த 1-ஐ எந்தக் கட்டளையால் போடுவது என்று கையேட்டில் எழுதியவர்கள், அதை பூட் ஸ்கிரிப்ட்டிலும் சேர்த்துவையுங்கள் என்று கூடவே ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?