கர்ப்பத்தில் போட்ட ஊசி... பிரசவ வார்டுக்குத் தெரியுமா?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையைத் தாண்டி இருக்கும் கூக்கால் போன்ற ஊர்களில், சிகிச்சை ஓர் ஊரில், பிரசவம் இன்னோர் ஊரில் என்று அமைந்துவிடலாம். முடக்குவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணின் மருந்துச் சீட்டு, பிரசவ வார்டுக்கு வராமலே போகலாம். அங்கேதான் சிக்கல்.

இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற, நோய் எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் ஊசி மருந்துகள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்லும். பிறந்த பிறகும் சில மாதங்கள் ரத்தத்தில் தங்கும். பி.சி.ஜி-யில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. பிரிட்டனில், இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த தாயின் குழந்தைக்கு 3 மாதத்தில் பி.சி.ஜி போட, கிருமி உடலெங்கும் பரவி உயிரே போனது. 2010-ல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது.

நம் ஊரில் பி.சி.ஜி-யும் போலியோ சொட்டு மருந்தும் பிறந்தவுடனே தரப்படுகின்றன. இவற்றையும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தையும் எப்போது தருவது என்பதைக் குழந்தைநல மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். மருந்தைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்கள்கூடத் தள்ளிவைப்பார்கள். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், போலியோ ஊசி ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. உரிய நாளில் போட்டுவிடலாம்.

பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்குங்கள். பிரசவத்துக்கு முன்பே செவிலியரிடம் காட்டிவிடுங்கள்!