நாற்பத்தெட்டில் தொடங்கிய ஓட்டம்

"வயதாகிவிட்டது; இனி நம்மால் ஆகுமா?" என்று ஐம்பதை எட்டுமுன்பே ஓய்ந்துவிடுவோர் நம்மிடையே பலர். அமெரிக்கத் துறவி சகோதரி மடோனா பூடரின் வரலாற்றை அவர்கள் அறிதல் நன்று.

1930-இல் பிறந்த அவர், குரு ஒருவரின் தூண்டுதலால் ஓடத் தொடங்கியபோது வயது 48. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றும் இணைந்த போட்டியில் இறங்கியது 52-ஆம் வயதில். அன்று தொட்டு அவர் பங்கேற்ற இத்தகைய போட்டிகள் 300-க்கும் அதிகம். பலமுறை விழுந்தார், எலும்பும் முறிந்தது, ஆயினும் மீண்டும் எழுந்தார்.

இப்போட்டிகளுள் மிகக் கடினமானவற்றுள் ஒன்று 'அயர்ன்மேன்'. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42 கிலோமீட்டர் ஓட வேண்டும். அனைத்திற்கும் 17 மணி நேரமே கெடு. 2012-இல் கனடாவில், தம் 82-ஆம் வயதில், கெடு முடியுமுன் எல்லையைத் தொட்டார் சகோதரி. அவர் வயதுப் பெண்களுக்கெனப் புதிய பிரிவுகளையே ஏற்படுத்த நேர்ந்தது. தாம் முந்துவதைவிடப் பின்வருவோர்க்கு வழி திறப்பது பெரிதன்றோ?

நாம் அனைவரும் அத்துணைத் தொலைவு ஓடவேண்டியதில்லை. ஆனால், நம் வீட்டுத் தாய் மாலையில் நடக்கப் புறப்பட்டால், "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேளாதிருப்போம். அந்த அரைமணி நேரம் அடுப்படி வேலையை நாமே ஏற்போம்.