சுரங்கத் தொழிலாளியின் மகள்

கோலார் தங்கவயலின் ஊர்ப் பெயர்களைக் கேட்டால் இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலை என்று நினைக்கத் தோன்றும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப். பெயர் வைத்தவர்கள் துரைகள். பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அதிலும் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தலித்துகள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்படும்வரை, தலைமுறை தலைமுறையாக இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப்பில் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. வெட்டியெடுத்த தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது: சுமார் 800 டன். அவர்கள் பாடிய பாட்டுக்கு?

இந்தக் கேள்வியோடு அமெரிக்கப் பாடகி லொரெட்டா லின்னின் இசைத்தட்டு வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது. அவர் பாடியது கன்ட்ரி இசை. கித்தாரும் பிடிலும் துணையாக, அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமத்து ஏழைகள் தங்கள் குடும்பச் சண்டையையும் குடியையும் கடனையும் கடவுளையும் பாடிப் பாடி வளர்த்த இசை.

லொரெட்டா 1932-ல் கென்டக்கி மாநிலத்து மலையிடுக்கு ஒன்றில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் எட்டுக் குழந்தைகள். 15 வயதில் கல்யாணம். கணவரோடு நாட்டின் மறுகோடியான வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார். கணவர் வாங்கிக்கொடுத்த மலிவு விலைக் கித்தாரில், யாரும் சொல்லித்தராமல் தானே வாசிக்கக் கற்றார். அதற்குள் அவர் பல குழந்தைகளுக்குத் தாய்.

1960-ல் ஜீரோ ரிக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனிக்காக முதல் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு அவரே எழுதியது. விளம்பரத்துக்குப் பணமில்லை. கணவனும் மனைவியும் காரில் ஊர் ஊராகப் போய், வானொலி நிலையங்களின் கதவைத் தட்டி ரிக்கார்டைக் கொடுத்தார்கள். பாட்டு தேசியப் பட்டியலில் 14-வது இடத்துக்கு வந்தது. பிறகுதான் நாஷ்வில் நகரமும், டெக்கா கம்பெனியும், தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியும் வந்தார்கள்.

அவருடைய சிறப்பு குரல் மட்டுமல்ல; எதைப் பாடினார் என்பதும்தான். குடித்துவிட்டு வரும் கணவனைக் கண்டிக்கும் பாட்டு, வியட்நாமுக்குப் போனவனின் மனைவி அரசாங்கத்திடம் முறையிடும் பாட்டு. 1975-ல் கருத்தடை மாத்திரை பற்றிய பாட்டு வந்தபோது பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ரிக்கார்டு விற்பதை அவர்களால் தடுக்க முடியவில்லை. 1972-ல் கன்ட்ரி இசைச் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் என்று தேர்ந்தெடுத்தது அவரைத்தான். அந்த விருதைப் பெற்ற முதல் பெண்மணி.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 1970-ல் வெளிவந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’. சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று அர்த்தம். கரி படிந்த அந்த முகவரியை மறைக்காமல் அதையே தலைப்பாக்கினார். பாட்டு முதலிடம் பிடித்தது. அதே பெயரில் 1976-ல் சுயசரிதை, 1980-ல் சினிமா. அவராக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கார் கிடைத்தது. 72 வயதில், பெரும்பாலும் தானே எழுதிய பாடல்களோடு ‘வான் லியர் ரோஸ்’ ஆல்பத்தை வெளியிட்டு இரண்டு கிராமி விருதுகளை வாங்கினார். வான் லியர் என்பது அவர் தந்தை வேலை செய்த சுரங்க ஊர். 2022-ல், 90 வயதில் இறந்தார்.

இந்த வெற்றிக் கதைக்குள் இரண்டு இழப்புகள் உண்டு. நுரையீரலில் கரித்தூசி ஏறிய தந்தை 1959-ல் இறந்தார். மகளின் முதல் இசைத்தட்டு வந்தது அடுத்த வருஷம். அவரைப் பற்றிய பாட்டை அவர் கேட்கவேயில்லை. இரண்டாவது, அந்தப் பாட்டு மிக நீளம் என்று பிராட்லி பல சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டிய சரணங்கள் பிறகு கிடைக்கவில்லை. பதிவானது உலகத்துக்குத் தெரியும். பதிவாகாதது, எழுதியவருக்கே இல்லை.

தங்கவயலில் சினிமா வந்துவிட்டது. ‘கேஜிஎஃப்’ படங்கள் 2018-லும் 2022-லும் வசூலைக் குவித்தன. அங்கே நம் மக்கள் பட்ட பாட்டை 2024-ல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ கதையாக்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அவை இயக்குநர்களின் கதைகள். சுரங்கத்துக்குப் போனவனின் மகள் தன் வார்த்தையில், தன் பெயரில் சொல்வது வேறு. லைன் வீடுகளில் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்தவர்களிடம் விஷயம் இல்லாமலா போகும்? பாறை வெடிப்பில் போனவர்கள், ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது நடந்த உடல் சோதனை, சிலிகோசிஸ் இருமல் என்று ஒவ்வொன்றும் ஒரு பாட்டுக்குத் தாங்கும்.

லொரெட்டாவுக்கு ஒரு கம்பெனியும் ஸ்டூடியோவும் தேவைப்பட்டன. இன்று பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கடைசி நாளன்று 30 வயதில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவருக்கு வேலை பழக்கியவர்களில் பலர் இல்லை. இருப்பவர்களிடம் யாராவது உட்கார்ந்து, பழைய பாட்டு ஒன்று பாடுங்கள் தாத்தா என்று கேட்க வேண்டும். அதற்கு மூன்று கிலோமீட்டர் தோண்ட வேண்டியதில்லை.