கடலடிச் சேற்றில் பேரியம்: கிளறும் முன் படிச்சுடலாமே!

வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் வெள்ளையாக, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்வாங்களே, அது பேரியம் சல்பேட். கரையாது என்பதால் உடம்புக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடும். இதே பொருள் 'பாரைட்' என்ற பெயரில், 4,000, 5,000 மீட்டர் ஆழத்தில் கடலடிச் சேற்றிலும் பொடிப்பொடியாகக் கிடக்கிறது. அங்கே எப்படிப் போச்சு?

பேரியம் கடலுக்குள் வருவது புரிகிற கதைதான். பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியாக வருகிறது. கடலடி வெந்நீர் ஊற்றுகளும் கொஞ்சம் தருகின்றன. ஆனால், பெரும்பாலான கடல்நீரில் பாரைட் படிகம் தானாக உருவாகும் அளவுக்குப் பேரியம் இல்லை. ஆனாலும் உருவாகிறது. அழுகும் துணுக்குகளுக்குள்!

மேற்பரப்பில் வாழும் நுண்பாசிகள் செத்து, கழிவோடு ஒட்டி, துணுக்குத் துணுக்காகக் கீழே இறங்கும். இதைக் 'கடல் பனி' என்கிறார்கள். சில நூறு மீட்டர் ஆழத்தில் பாக்டீரியாக்கள் அதைத் தின்னும்போது, துணுக்குக்குள் பேரியம் சேர்ந்து, சல்பேட்டோடு இணைந்து, கண்ணுக்குத் தெரியாத படிகமாகிறது. கார்பனில் பெரும்பகுதி வழியிலேயே காலி. படிகம் மட்டும் நிறையவே அடிவரை போய்ச் சேர்கிறது. சாப்பாடு தீர்ந்துபோச்சு, பில் மிச்சம் இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1958-ல் எட்வர்ட் கோல்ட்பெர்க், குஸ்டாஃப் அரேனியஸ் இருவரும் பசிபிக் சேற்றை ஆராய்ந்தபோது, உயிர்வளம் மிகுந்த நிலநடுக்கோட்டுப் பகுதிக்குக் கீழே பேரியம் எகிறியிருந்தது. (இந்த அரேனியஸின் தாத்தாதான், கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என 1896-லேயே கணக்குப் போட்ட ஸ்வாந்தே அரேனியஸ்.) அன்றிலிருந்து, பழங்காலக் கடல் எவ்வளவு உயிர்ப்போடு இருந்தது என்று பார்க்கப் பேரியம் ஒரு தடயம்.

ஆனா, 'பேரியம் அதிகம்னா உயிர் அதிகம்' என்று தலைப்பு போட்டால் தப்பு. எங்க டெஸ்க்கையும் சேர்த்துத்தான் சொல்றேன். நிலத்துக் களிமண்ணோடு வரும் பேரியத்தை, அலுமினிய அளவை வைத்துக் கழிக்கணும். சல்பேட் தீர்ந்துபோன சேற்றில் பாரைட் கரைந்து வேறு அடுக்கில் போய்ப் படியும். அதனால் ஒரு சாம்பிள் போதாது, நிறைய இடங்களில் எடுத்துப் பார்க்கணும்.

எனக்குக் கவலை இங்கேதான். இதே மாதிரி ஆழ்கடல் சேற்றின் மேல்தான் நிக்கல், கோபால்ட், செம்பு கலந்த, உருளைக்கிழங்கு சைஸ் கட்டிகள் கிடக்கின்றன. மத்திய இந்தியப் பெருங்கடலில் அவற்றை ஆராய இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் தன் இயந்திரத்தை ஓட்டியும் பார்த்துவிட்டது. பெருமையான விஷயம்தான், மறுக்கலை.

ஆனால் அங்கே 1,000 வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் சேறுதான் படியும். கட்டியை அள்ளும் இயந்திரம் 5 சென்டிமீட்டர் சேற்றைக் கிளறினாலே 10,000 வருஷக் கணக்கு கலங்கிடும். கடலடிப் புழுக்களும் மேலடுக்கைக் கிளறும்தான், ஆனா இந்த வேகத்தில் இல்லை.

சுற்றுச்சூழல் தரவு எடுக்கணும் என்ற விதி ஏற்கெனவே இருக்கு. எடுக்கும் சேற்றுத் தூண்களில் உயிரினங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், பேரியத்தையும் அடுக்கடுக்காக அளந்து, மிச்சத்தைக் குளிர்பதனத்தில் வைத்து, கேட்கிற ஆய்வாளர்களுக்குக் கொடுக்கணும். இயந்திரம் இறங்குவதற்கு முன்னாடியே.