‘மருத்துவக் கஞ்சா அட்டை’ இந்தியாவில் உண்டா? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலையும் காலணித் தொழிலையும் சார்ந்து வாழும் குடும்பங்கள் ஏராளம். வெளிநாட்டு உறவினர் வழியாகவோ கைப்பேசி வழியாகவோ, ‘மருத்துவக் கஞ்சா அட்டை பெற்றால் புற்றுநோய் வலி தீரும்’ என்னும் செய்தி தங்களையும் வந்தடைந்திருக்கலாம். வலியால் உறங்காத ஒருவரை இல்லத்தில் வைத்திருப்போருக்கு இச்செய்தி நம்பிக்கை அளிப்பது இயல்பே. ஆயினும், இந்தியாவில் அத்தகைய அட்டை எதுவும் வழங்கப்படுவதில்லை. கடும் வலியைத் தணிக்கச் சட்டபூர்வமான வழி வேறொன்று உண்டு. அதற்கு அட்டையும் தேவையில்லை.

பிற நாடுகளில் உள்ள நிலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1996ஆம் ஆண்டு கஞ்சாவின் மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்தது. பின்னர் பல மாநிலங்கள், மருத்துவரின் பரிந்துரையின் பேரில் நோயாளிகளுக்கு அட்டை வழங்கும் முறையை ஏற்படுத்தின. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க முடிவு செய்தது. இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. எனினும், பன்னாட்டுக் கட்டுப்பாடு முழுமையாக விலக்கப்படவில்லை. இந்தியச் சட்டமும் அதனால் மாறவில்லை.

இந்தியச் சட்டம் கூறுவது

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன்படி, கஞ்சாச் செடியின் பூ, காய்ப் பகுதிகளும் அதன் பிசினும் தடை செய்யப்பட்டவை. ‘சிறிய அளவு’ எனப்படும் 1 கிலோ வரையிலான கஞ்சாவை வைத்திருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வெளிநாட்டில் பெற்ற அட்டை இங்குப் பாதுகாப்பளிக்காது. உறவினர் அன்புடன் கொண்டுவரும் கஞ்சா எண்ணெயும் தங்களையும் அவரையும் வழக்கில் சிக்க வைக்கலாம்.

கஞ்சா இலை சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகள் தனி விதிகளுக்கு உட்பட்டவை. மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை அவற்றின் உறையில் இடம்பெற வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரின் பரிந்துரையின்றி அவற்றை உட்கொள்ளாதீர்கள். உட்கொள்வதாயின் புற்றுநோய் மருத்துவரிடமும் மறைக்காமல் கூறுங்கள். கஞ்சா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை.

வலி தணிக்கும் சட்டபூர்வ வழி

2014ஆம் ஆண்டு மேற்கண்ட சட்டம் திருத்தப்பட்டது. அதன் பயனாக மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என வகைப்படுத்தப்பட்டன. இவற்றை இருப்பு வைத்து வழங்க அங்கீகாரம் பெற வேண்டிய பொறுப்பு மருத்துவமனையைச் சார்ந்தது, நோயாளியைச் சார்ந்ததன்று. தங்களுக்குத் தேவைப்படுவது மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு மட்டுமே. அச்சீட்டின்படி வழங்கப்பட்ட அளவை இல்லத்தில் வைத்திருப்பது குற்றமாகாது.

‘மார்ஃபின் தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது’ என்னும் அச்சம் தவறானது. நோயின் எக்கட்டத்திலும், வலியின் கடுமையைப் பொறுத்தே அது வழங்கப்படுகிறது. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக உட்கொள்வோர் அதற்கு அடிமையாவது அரிது.

தாங்கள் செய்ய வேண்டியவை

1. வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணால் நாள்தோறும் குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. சிகிச்சை பெறும் மருத்துவமனையில் ‘வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை’ப் பிரிவு உள்ளதா, மார்ஃபின் வழங்க அங்கீகாரம் உள்ளதா எனக் கேளுங்கள். இல்லையெனில், அது உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள்.

3. தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையையும், தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைச் செலவுக்கு உதவும் அட்டைகள் இவையே.

4. நோயாளி படுக்கையில் இருப்பின், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இல்லத்திலேயே ஆதரவு சிகிச்சை கிடைக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

5. மருந்தைப் பூட்டி வையுங்கள், பிறருக்குக் கொடுக்காதீர்கள், தாமாக நிறுத்தாதீர்கள். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கேட்டுப் பெறுங்கள். அளவு மீறிய உறக்கமோ மூச்சுத் தளர்வோ தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள்.

6. பயணத்தின்போது பரிந்துரைச் சீட்டையும் மருந்து வழங்கிய ரசீதையும் உடன் வைத்திருங்கள். எஞ்சிய மருந்தை வழங்கிய மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள்.

கஞ்சா அட்டை பெற்றுத் தருவதாகக் கூறி எவரேனும் பணம் கேட்டால், பணமோ ஆதார் விவரங்களோ அளிக்காதீர்கள். காவல் துறையிடம் தெரிவியுங்கள். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். வலியைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அதற்குச் சிகிச்சை கேட்பது தங்கள் உரிமை.