கல்லில் எவன் பெயர்?

கிரேக்க நாட்டில், ஏதென்சு நகருக்கு வடகிழக்கே, கடலோரத்தில் மாரத்தான் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் புறத்தே ஒரு மண்மேடு நிற்கின்றது. உயரம் ஏறத்தாழ 30 அடி. விண்முட்டும் தூணோ, பொன்பூசிய சிலையோ அன்று, வெறும் மண். ஆயினும் ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மழையும் காற்றும் அம்மண்ணைக் கரைத்துவிடவில்லை.

கி.மு. 490-இல் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து அங்கு வீழ்ந்த ஏதென்சு மறவர் 192 பேர்க்கு எடுத்த மேடு அது. போரில் மாண்டாரை நகருக்குக் கொணர்ந்து பொதுக் கல்லறையில் அடக்குவதே ஏதென்சு மக்களின் வழக்கம். மாரத்தானில் வீழ்ந்தார்க்கு மட்டும், அவர்தம் மறத்தைப் போற்றி, வீழ்ந்த இடத்திலேயே கல்லறை அமைத்தனர் என்று துசிடிடீசு எழுதுகின்றார். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அங்குச் சென்ற பாசானியாசு, வீழ்ந்தோர் பெயர்கள் குடிவாரியாகக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தமையைக் குறித்துள்ளார். ‘மறவர் சிலர்’ எனப் பொதுப்படச் சொல்லிப் போய்விடவில்லை. அவரவர் பெயர், அவரவர் குடி, அவரவர் மொழி! நடுகல் நட்டு, வீழ்ந்தான் பெயரை அதில் எழுதிய நம் முன்னோரின் வழிவந்தார்க்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

அவ்வூரின் பெயரை இக்கால ஞாலமெங்கும் பரப்பியவர் அரசரல்லர், படைத்தலைவரும் அல்லர், ஒரு மொழியறிஞர்! சொற்பொருளாய்வைத் தனித்துறையாக வளர்த்த பிரான்சு நாட்டு மிசேல் பிரேயால் என்பார், 1896-இல் ஏதென்சில் ஒலிம்பிக்கு விளையாட்டுகள் நடந்தபோது, மாரத்தானிலிருந்து ஏதென்சுவரை ஓர் ஓட்டம் வைக்கவேண்டும் என்று கூறி, வெல்வார்க்கு வெள்ளிக் கிண்ணமும் தந்தார். வெற்றிச் செய்தி சொல்ல ஓடிவந்த ஒருவன் உயிர்விட்டான் என்னும் கதை பிற்காலத்தது. எரோடோட்டசு அதனைச் சொல்லவில்லை. அது நிற்க. ஏறத்தாழ 25 கல் தொலைவுள்ள அவ்வோட்டத்தில் முதல்வனாக வந்தவன் தண்ணீர் சுமந்து பிழைத்த கிரேக்கன் இசுபைரிடன் லூயிசு. தன் மண்ணில், தன் பெயரில், தன் மக்கள் தன் மொழியில் ஆர்ப்பரிக்க அவன் ஓடினான். அப்பேறு, நாற்பது ஆண்டு கழித்து அதே ஓட்டத்தில் வென்ற வேறொருவர்க்கு வாய்க்கவில்லை.

1936 ஆகத்து 9. செருமனியின் பெர்லின் நகர். கொரியராகிய சோன் கீ சுங் 2 மணி 29 மணித்துளி 19 நொடியில் ஓடி முதல்வரானார். மூன்றாமவராகிய நாம் சுங் யோங்கும் கொரியரே. ஆனால் 1910 முதல் கொரியா யப்பானுக்கு அடிமைப்பட்ட நாடு. ஆகலின் மார்பில் யப்பானியக் கொடி. பட்டியலில் ‘சோன் கித்தேய்’ என்று திரிக்கப்பட்ட பெயர். மேடையில் யப்பானிய நாட்டுப்பண். வென்றவர் இருவரும் தோற்றவர்போல் தலைகவிழ்ந்து நின்றனர். பரிசாகத் தந்த கருவாலி இளங்கன்றால் சோன் தம் மார்பிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டார். அவருடைய தங்கத்தின்மேல் தமக்குப் பொறாமையில்லை, கொடியை மறைக்க அவர்க்கொரு கன்று கிடைத்ததே என்றுதான் ஏங்கியதாக மூன்றாமவர் பின்னாளில் கூறினார். எத்துணைக் கொடிய ஏக்கம்!

‘விளையாட்டிற்கு இனமேது, மொழியேது?’ என்று நம்மிடையே வினவுவார் உளர். இனமும் மொழியும் இல்லையெனில், அடிமைகொண்டவன் ஏன் அம்மாந்தனின் பெயரைத் திருத்தினான்? ஏன் அவன் மார்பில் தன் கொடியைத் தைத்தான்? பெயரின் வலிமையைப் பெயர்க்குரியவனைவிடப் பறிப்பவனே நன்கு அறிவான் என்க.

சோனும் அறிந்திருந்தார். பெர்லினில் கையொப்பம் கேட்டவர்க்குக் கொரிய எழுத்தில் தம் பெயரை எழுதித் தந்தார். அவர் நாட்டுத் தோங்கா இல்போ என்னும் நாளிதழ், அவர் மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டு அவர் படத்தை வெளியிட்டது. செய்தியாளர்கள் சிறைப்பட்டனர், இதழ் ஒன்பது திங்கள் முடக்கப்பட்டது. தொடர்ந்தது மொழியொழிப்பு. 1938-இல் பள்ளிகளில் கொரிய மொழி கட்டாயப் பாடம் என்ற நிலையை இழந்தது. 1940-இல் கொரியர் யப்பானியப் பெயர் பூணுமாறு நெருக்கப்பட்டனர். 1942-இல் கொரிய மொழிக் கழகத்தார், தம் மொழிக்கு அகரமுதலி தொகுத்த குற்றத்திற்காகத் தளையிடப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிக்கப்பட்ட அகரமுதலிக் கையெழுத்துப் படி, விடுதலைக்குப்பின் 1945-இல் சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கிலே கிடந்தது! ஓடியவனின் பெயரும், அகரமுதலியின் சொல்லும் ஒரே கையால் பறிக்கப்பட்டன.

பறித்ததை மீட்பது எளிதன்று. பெர்லின் விளையாட்டரங்கின் மாரத்தான் வாயிலில், வென்றோர் பெயர் பொறித்த கல்லில், சோன் பெயரின் அருகே யப்பான் என்றே வெட்டப்பட்டது. 1970-இல் கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இரவோடிரவாக உளிகொண்டு அதனைச் செதுக்கி நீக்கிக் கொரியா எனப் பொறித்தார். செருமானியர் மீண்டும் பழையபடியே வெட்டிவிட்டனர். மாரத்தானில் வென்றார்க்கென ஏதென்சு இதழொன்று அளித்த பழங்கிரேக்கப் போர்த் தலைக்காப்பும் அன்று அவர் கைக்கு வரவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து 1986-இல்தான் வந்தது. அதனைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் தம் நாட்டு அருங்காட்சியகத்திற்கே ஈந்தார். 1988-இல் சியோல் அரங்கினுள் ஒலிம்பிக்குச் சுடரேந்தி, முதுமையிலும் குழந்தைபோல் துள்ளி ஓடினார். 1992-இல், அதே ஆகத்து 9-ஆம் நாள், பார்சிலோனாவில் குவாங் யோங் சோ கொரியக் கொடியுடன் வென்றதை நேரிற் கண்டார். 2002-இல் மறைந்தார். ஒலிம்பிக்கு ஏடுகளில் 1936-ஆம் ஆண்டு வெற்றி இன்றும் யப்பானின் கணக்கிலேயே உள்ளது.

தமிழன்பர்களே! மாரத்தான் மேட்டில் கிடப்போர் இறந்தும் தம் பெயரோடு வாழ்ந்தனர். பெர்லின் கல்லிலோ வாழ்ந்தவனே தன் நாட்டை இழந்து நின்றான். இடையில் உள்ள வேறுபாடு கால்களின் வலிமையிலன்று, உரிமையில் உள்ளது. அடிமைப்பட்ட நாட்டில், கொடியவன் கண்காணிப்பில் நின்ற ஒருவர் தம் எழுத்தில் கையொப்பமிட்டார். நம் கையை எவன் பிடித்திருக்கின்றான்? வங்கியிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலத்தில் கிறுக்குவதும், தந்தை பெயரின் முன்னெழுத்தையும் அயல் எழுத்தில் இடுவதும், பிறந்த குழந்தைக்குப் பொருள் தெரியாத அயற்பெயர் தேடி அலைவதும் எவன் இட்ட கட்டளை? அவர் பெயரைப் பிறர் பறித்தனர். நம் பெயரை நாமே தூக்கி எறிகின்றோம்.

நாளை நம் பிள்ளைகள் ஓடுவர், வெல்லவும் செய்வர். கல்லில் எவன் பெயர் ஏறும் என்பதை இன்றைய நம் கையொப்பமே முடிவு செய்யும். அடுத்து இடும் கையொப்பத்தைத் தமிழில் இடுக!