நள்ளிரவில் கேட்ட எண்ணெய்



மாலைத் திருப்பலி முடிந்து கோயில்பிள்ளை ஆலயக் கதவுகளைச் சாத்திவிட்ட பின்னரும், உப்பளத்தில் நமது பங்கு மண்டபத்தின் விளக்குகள் சில வாரங்களாக அணைவதில்லை. கல்லூரியில் கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடிப் பருவத் தேர்வுக்குப் படித்து வருகின்றனர். வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் தொலைக்காட்சி, மற்றொன்றில் உறங்கும் தம்பி தங்கையர். ஆகவே மண்டபத்தைக் கேட்டனர், கொடுத்தோம். மின்கட்டணம் ஏறியிருப்பது உண்மையே. ஆயினும் அவர்கள் வழியாக நாம் கற்ற பாடத்தை நோக்க அக்கட்டணம் மிகையன்று. அதைச் சொல்லவே இம்மாதம் எழுதுகிறோம்.

அவர்களை அச்சுறுத்தும் தாளுக்கு 'மெக்கானிக்ஸ்' என்று பெயர். நிலையியல், இயக்கவியல் என அதற்கு இரு பிரிவுகள். சுவரில் சாய்த்த ஏணி ஏன் சரியாமல் நிற்கிறது என்று கேட்பது முன்னது. வீசியெறிந்த கல் எங்கே போய் விழும் என்று கேட்பது பின்னது. கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும் இக்கேள்விகள், தாளில் எழுத உட்கார்ந்ததும் வியர்க்க வைத்துவிடுகின்றன.

மண்டபத்தின் ஓரத்தில் செபமாலையோடு உலவியவாறே அவர்கள் ஒருவருக்கொருவர் கூறிய யோசனைகளைக் கேட்டோம். அவை யாவும் பட்டுத் தெரிந்தவை. "கணக்கை வாசித்ததும் வாய்ப்பாட்டைத் தேடாதே, முதலில் படம் வரை. ஏணியை மட்டும் தனியே வரைந்து, அதன்மீது செயல்படும் ஒவ்வொரு விசைக்கும் ஓர் அம்புக்குறி போடு" என்றான் ஒருவன். "திருப்புத்திறனை ஏணியின் அடிப்புள்ளியைப் பற்றிக் கணக்கிடு; தரையின் எதிர்வினையும் உராய்வும் அந்தப் புள்ளி வழியே செல்வதால் இரண்டும் கணக்கிலிருந்து விலகிவிடும்" என்றாள் ஒரு பெண். "சைனா கொசைனா என்று ஐயம் வந்தால், கோணத்தைச் சுழியாக வைத்துப் பார், விடை பொருந்தாவிட்டால் மாற்றி எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துவிடும்" என்றான் இன்னொருவன். எறிபொருள் பற்றிய ஒரு செய்தி நமக்கும் பிடித்திருந்தது. ஒரே வேகத்தில் 30 பாகையில் எறிந்த கல்லும் 60 பாகையில் எறிந்த கல்லும் சமதரையில் ஒரே தொலைவில்தான் விழுமாம். தாழ்வாகச் சென்றது முன்னே வந்து சேரும், உயரச் சென்றது பின்னே வந்து சேரும், சேருமிடம் ஒன்றே.

நிற்க. எல்லா யோசனைகளும் இத்தகையன அல்ல. அக்கூட்டத்தில் ஓர் இளைஞன் இத்தாளில் இருமுறை தவறியவன். மாணவர் வழக்கில் 'அரியர்' வைத்திருப்பவன். சென்ற முறை தேர்வுக்கு முந்திய இரவில் மூத்த மாணவன் ஒருவன் அவனிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டி, "இந்தப் பத்துக் கேள்விகள் போதும், மற்றவற்றை விட்டுவிடு" என்று கூறியிருக்கிறான். இவனும் விடியும்வரை பத்து நிறுவல்களை நெட்டுருச் செய்தான். வினாத்தாளில் வந்தவை அவற்றுள் இரண்டே. தந்தை இல்லாத குடும்பம். இம்முறையும் தவறினால் கல்லூரியை விட்டுவிட்டுத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டி ஏற்றும் வேலைக்குப் போவதாக அவன் தன் தாயிடம் சொல்லிவிட்டான். உழைப்பில் இழிவில்லை. ஆனால் 'எனக்கு அறிவில்லை' என்ற பொய்யை நம்பி ஒருவன் படிப்பைத் துறப்பது இழப்பன்றோ!

அதே கூட்டத்தில் வகுப்பின் முதல் மாணவியும் இருந்தாள். அவளிடம் ஒரு குறிப்பேடு உண்டு: ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் படம், முதல் அடி, வழக்கமாக நேரும் தவறு ஆகியவற்றை முத்துமுத்தாக எழுதி வைத்திருந்தாள். அதை அவள் எவருக்கும் காட்டுவதில்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவ்விளைஞன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது மறுத்துவிட்டாள். நாம் அருகில் நின்றதைக் கண்டதும் முகம் சிவந்து, "சாமி, அறிவுள்ள கன்னியரும் தங்கள் எண்ணெயைக் கொடுக்கவில்லையே! ஆண்டவர் அவர்களைக் குறை கூறவில்லையே!" என்றாள்.

மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பித்த உவமையே நம்மிடம் திரும்பி வந்தது. உடனே விடை சொல்ல இயலவில்லை. அவளைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை, ஏனெனில் அவளுடைய தந்தை, "மேற்படிப்பில் இடங்கள் சிலவே, உன் உழைப்பைப் பிறருக்குக் கொடுத்து ஏமாந்துவிடாதே" என்று அவளுக்குச் சொல்லியிருந்ததை நாம் அறிவோம். அதைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாம் குருமடத்தில் தத்துவம் பயின்றபோது நம்மிடமும் ஒரு குறிப்பேடு இருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு இரு வாரங்களுக்கு முன் உடன் பயின்ற ஒருவர் அதைக் கேட்டார். ஆங்கிலம் அவருக்குத் தடுமாறும், கூர்மையான அறிவுடையவர்தாம். "இன்னும் எழுதி முடிக்கவில்லை" என்றோம். அது எழுதி முடித்து மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அத்தேர்வில் அவர் தேறவில்லை. ஆண்டிறுதியில் வீடு திரும்பிவிட்டார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த இழுப்பறையை நாம் இன்றளவும் மறக்கவில்லை.

அன்றிரவு அவ்வுவமையை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். எண்ணெய் பகிர்ந்தால் குறையும், இருவருக்கும் போதாமற்போகும். கன்னியர் கூறிய காரணமும் அதுவே. அறிவோ பகிர்ந்தால் குறைவதில்லை. பிறருக்கு விளக்குபவனுக்கே அது முதலில் தெளிவாகிறது. மற்றொன்றையும் நோக்குக. அவர்கள் எண்ணெய் கேட்டது நள்ளிரவில். அந்நேரத்தில் எவராலும் எவருக்கும் ஆயத்தத்தைக் கொடுக்க முடியாது. தேர்வுக்கு முந்திய இரவில் நீட்டப்படும் துண்டுத்தாள் நள்ளிரவு எண்ணெய். அதை நம்பியவன் கதவுக்கு வெளியே நிற்பான். மூன்று வாரத்துக்கு முன் கேட்பவனோ பொழுது சாய்வதற்குள் கடைக்குப் போக வழி கேட்பவன். வழியைச் சொல்லலாம், நடையை அவனே நடக்கவேண்டும். மறுநாள் மாலை இவ்விடையை அப்பெண்ணிடம் கூறினோம். இழுப்பறையின் கதையையும் கூறினோம். அவள் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சிறு நிகழ்ச்சி. திருவருகைக் காலம் நெருங்கியதால் கோயில்பிள்ளையும் இளைஞரும் மூங்கிலில் செய்த பெரிய நட்சத்திரத்தைத் தெருவின் குறுக்கே இரு கம்பங்களுக்கிடையே கட்டினர். எடை பத்துக் கிலோ இருக்கும். நடுவில் தொய்ந்திருப்பது அழகாயில்லை என்று கயிற்றை இழுத்து இழுத்து நேராக்கினர். பட்டென்று கயிறு அறுந்தது. நட்சத்திரம் சேற்றில் விழுந்தது. "ஐம்பது கிலோ அரிசி மூட்டையையே தாங்கும் கயிறு சாமி, பத்துக் கிலோவுக்கா அறும்?" என்று கோயில்பிள்ளை வியந்தார்.

அப்போது அப்பெண் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துவந்து, இருமுறை தவறிய அவ்விளைஞனிடம் நீட்டி, "நீ வரை" என்றாள். மண்டபத்தின் திண்ணையில் அவன் ஒரு புள்ளி வைத்தான். கீழ்நோக்கி ஓர் அம்பு, நட்சத்திரத்தின் எடை. இருபுறமும் சாய்வாக இரண்டு அம்புகள், கயிற்றின் இழுவிசை. "கிடைக்கோட்டிலிருந்து கயிறு 30 பாகை தொய்ந்தால்?" என்று கேட்டாள். மூன்று கோணங்களும் 120 பாகை. எனவே மூன்று விசைகளும் சமம். கயிற்றின் இழுவிசை பத்துக் கிலோ எடைதான். "6 பாகைதான் தொய்வு என்றால்?" அவன் கணக்கிட்டான், நிமிர்ந்து பார்த்தான். ஏறத்தாழ நாற்பத்தெட்டுக் கிலோ! முற்றிலும் நேராக்க வேண்டுமானாலோ உலகில் எந்த வலிமையும் போதாது. "இதுதானா லாமியின் தேற்றம்?" என்றான். ஈராண்டாக அவன் நெட்டுருச் செய்து மறந்த தேற்றம் அது. அன்றிரவு குறிப்பேடு மண்டபத்தின் நடுமேசைக்கு வந்தது.

நமக்கும் அன்று ஒரு வியப்பு. இந்த லாமி யார் என்று தேடிப் பார்த்தோம். 1640இல் பிறந்து 1715இல் மறைந்த பெர்நார் லாமி, பிரான்சு நாட்டு ஒரத்தோரியன் சபைக் குரு! தம் காலத்துப் புதிய தத்துவத்தைக் கற்பித்ததற்காக ஆசிரியப் பணியிலிருந்து அகற்றப்பட்டவர். ஆயினும் எழுதுவதை நிறுத்தாதவர். விசைகளைப் பற்றிய அவருடைய கருத்து 1687இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் பியேர் வரிஞோன் என்பவரும் அதே உண்மையை எழுதி வெளியிட்டார்; அவரும் ஒரு குருவே. நம் மாணவர் திருப்புத்திறன் பாடத்தில் பயிலும் தேற்றம் அவர் பெயரால் வழங்குவது. நியூட்டனின் பெருநூல் வெளிவந்ததும் அதே 1687தான். ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்தாரோ என்ற ஐயம் அக்காலத்தில் கிளம்பியது. லாமி அதை மறுத்தெழுதினார். இன்று அந்தப் பூசலை நினைப்பார் எவருமில்லை. இருவரும் பிறருக்குக் கொடுத்ததுதான் நம் மண்டபத் திண்ணையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டது.

பகிர்வு என்றதும் நம் ஊருக்கே உரிய மற்றொரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1826இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு லிசேயில் பக்கலோரியா தேர்வு பல ஆண்டுகளாக ஏப்ரல் மாத அளவிலேயே நடைபெற்று வந்தது. பிரான்சிலோ அது ஜூனில்தான். ஆகவே கணிதத்திலும் இயற்பியலிலும் இங்கு வந்த கேள்விகளைப் பிரான்சு நாட்டு மாணவர்கள் 'புதுச்சேரி வினாத்தாள்' என்றே பெயரிட்டுத் தேடியெடுத்துப் பயிற்சி செய்தனர். அதே கேள்விகள் திரும்ப வரா என்பதை அவர்கள் அறிவர். எனினும் நம் கடற்கரை நகரில் ஒரு பிள்ளை வியர்வை சிந்தி எழுதிய தாள், கடல்கடந்த ஒரு பிள்ளைக்குப் பயிற்சியாயிற்று. பழைய வினாத்தாளின் பயன் இதுவே: எது வரும் என்று குறி பார்க்க அன்று, கடிகாரத்தை எதிரில் வைத்து மூன்று மணி நேரம் தன்னைச் சோதிக்க.

அவ்வாறு சோதித்துப் பார்ப்பது வெறும் நம்பிக்கையன்று. ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளநூலார் இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஒரு வாரத்திற்குப் பின் நூற்றுக்கு 42 பங்கை நினைவுகூர்ந்தனர். ஒருமுறை வாசித்தபின் ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ 56 பங்கை நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடத்திற்குப் பின் கேட்டபோது மட்டும் மீண்டும் வாசித்தவர்களே முந்தினர். தேர்வுக்கு முந்திய இரவு நம்மை ஏன் ஏமாற்றுகிறது என்பது இதனால் விளங்கும்.

பெற்றோர்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை முதலிடம் பெறவேண்டும் என்று விரும்புவது குற்றமன்று. ஆனால் அந்த நட்சத்திரக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிதும் தொய்வின்றி இழுத்துக் கட்டினால், தாங்கக்கூடிய சுமைக்கே கயிறு அறுந்துபோகும். "அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் உன் நேரம் வீணாகும்" என்று சொல்லாதீர்கள். "இன்று யாருக்கு என்ன விளக்கினாய்?" என்று கேளுங்கள். தவறிய பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "எந்த இடத்தில் புரியாமல் போயிற்று?" என்று கேளுங்கள். கேட்பதற்கு நாளைக் கடத்தாதீர்கள். பொழுது இருக்கும்போதே கேளுங்கள்.

தேர்வு முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வெளியாகவில்லை. அவ்விளைஞன் தேறுவானா என்று நாம் அறியோம். படம் வரையாமல் ஒரு கணக்கையும் தொடவில்லை என்று மட்டும் வந்து சொன்னான். துறைமுக வேலையைப் பற்றிப் பேசவில்லை. சென்ற வாரம் முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் மண்டபத்துக்கு வரத் தொடங்கியுள்ளனர். சுண்ணக்கட்டி இப்போது அவன் கையில் இருக்கிறது. நட்சத்திரத்தை மீண்டும் கட்டியிருக்கிறோம். நடுவில் நன்றாகவே தொய்ந்திருக்கிறது. பார்ப்பவர் பொருட்படுத்த வேண்டாம்.

மண்டபம் மாலை ஏழு மணி முதல் பத்து மணிவரை திறந்திருக்கும். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். அவர்களுடைய குறிப்பேடுகளோடு அனுப்புங்கள்.